45 லிட்டர் டிராவல் பேக் ரிவ்யூ: ஊட்டிக்கு நாலு ஸ்டார், ஸ்கூலுக்கு ரெண்டு

வாங்கி மூணு நாள்ல "சூப்பர் ப்ராடக்ட், ஃபாஸ்ட் டெலிவரி"ன்னு அஞ்சு ஸ்டார் போட்ட கூட்டத்துல நானும் ஒருத்திதாங்க, அதுக்கு முதல்ல ஒரு சாரி. பேக்க பிரிச்சு மாட்டி கண்ணாடி முன்னாடி நின்னுட்டு போட்ட ரிவ்யூ அது. இப்ப மே மாசம் ஊட்டி டூர் ஒண்ணு, அதுக்கப்புறம் ஜூன் 2-ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தெனம் ஸ்கூல்னு நல்லா அடிச்சு ஓட்டிட்டு எழுதுறேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே மாதிரி பேக் ஆன்லைன்ல பத்து பேருல ஓடுது, எல்லாம் ஒரே தையல்தான். கருப்பு கலர், 45 லிட்டர், எம்.ஆர்.பி நாலாயிரத்துச் சொச்சம்னு அடிச்சுட்டு ஆஃபர்ல 1,899 ரூபா. (அந்த நாலாயிரத்துக்கு யாராவது எப்பவாவது வாங்கியிருக்காங்களான்னு எனக்கு ரொம்ப நாளா டவுட்டு.)

நான் திருச்சி, துறையூர் ரூட்ல ஒரு கிராமத்து கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். "உங்களுக்கென்னப்பா, ரெண்டு மாசம் லீவு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்த ரெண்டு மாசம் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்கன்னு கேட்டா யாரும் காட்ட மாட்டாங்க. ஏப்ரல் பாதி வரைக்கும் டென்த் பப்ளிக் எக்ஸாம் டூட்டி, அது முடிஞ்சு கடைசி வாரம் வேல்யுவேஷன் கேம்ப், மே 16 ரிசல்ட், அன்னிக்கி ஸ்கூலுக்கு போயி யாரு பாஸு யாரு அழுவுறான்னு பாத்து, ஃபெயில் ஆன புள்ளைங்கள துணைத்தேர்வுக்கு எழுத வைக்கணும்னு வீட்டுக்கு ஒரு ஃபோன், இப்படியே போயிடும். எனக்கு நிஜமா கையில கெடைச்ச லீவு ரெண்டு வாரம். அதுல நாலு நாள் ஊட்டி. அதுக்குத்தான் இந்த பேக்.

டிக்கெட் கதைய சொல்லணும், ஏன்னா பேக் வாங்குனதே அதனாலதான். மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில்ல போகணும்னு பொண்ணுக்கு ஆசை, எனக்கும்தான். முன்னெல்லாம் 120 நாளைக்கு முன்னாடி ரிசர்வ் பண்ணலாம், 2024 நவம்பர்ல இருந்து அத 60 நாளா குறைச்சுட்டாங்க. அப்போ மே 19-க்கு டிக்கெட் மார்ச் 20 காலைல எட்டு மணிக்கு ஓப்பன். அன்னிக்கி வேலை நாளு, எட்டு மணிக்கு நான் துறையூர் பஸ்ல கம்பிய புடிச்சுட்டு நிக்கிறேன், ஒரு கையில ஃபோன், தோள்ல ஹேண்ட்பேக், இன்னொரு தோள்ல நோட்டு கட்டு போட்ட துணிப்பை. மூணு டிக்கெட் கெடைச்சுது, துணிப்பையோட காது அறுந்துடுச்சு. அங்கயே முடிவு பண்ணிட்டேன், இனிமே ரெண்டு தோள்லயும் மாட்டுற பேக்தான், டூருக்கும் அதே ஸ்கூலுக்கும் அதேன்னு. இந்த "ரெண்டுக்கும் ஒண்ணு"ங்கிற யோசனைலதான் கோட்டை விட்டேன், பின்னாடி சொல்றேன்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். இடம். மூணு பேரு நாலு நாள் துணி, மூணு ஸ்வெட்டர், எங்க வீட்டுக்காரரோட குரங்கு குல்லா (எவ்வளவோ சொல்லியும் கேக்கல), மாத்திரை டப்பா, சார்ஜர், இட்லிப் பொடி, எல்லாம் இந்த ஒரே பேக்ல போச்சு. சூட்கேஸ் மாதிரி முழுசா தொறக்குற டைப், அதனால அடியில கெடக்குற சாக்ஸுக்காக எல்லாத்தையும் வெளிய அள்ளிப் போட வேண்டியதில்ல. இடுப்புல ஒரு பெல்ட் இருக்கு, அத போட்டா வெயிட் தோள்ல இருந்து இறங்கி இடுப்புல உக்காந்துக்குது, சிங்காநல்லூர்ல பஸ் இறங்கி டவுன் பஸ் மாறி மேட்டுப்பாளையம் பஸ் புடிச்ச வரைக்கும் தோள் வலியே தெரியல. இந்த பெல்ட்டுக்கு மட்டும் தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

சைடுல வலை பாக்கெட் இருக்கு பாருங்க, அதுவும் நல்லாருக்கு. நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடைன்னு எல்லாருக்கும் தெரியும், செக்போஸ்ட்ல பாத்தா வாங்கி வச்சுடுவாங்க, ஸ்டீல் பாட்டில்தான் கொண்டு போகணும், அங்கங்க தண்ணி ஏ.டி.எம் வச்சிருக்காங்க, ரொப்பிக்கலாம். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் ரொப்புனா ஒன்னேகால் கிலோவுக்கு மேல வரும், அத அந்த வலை நாலு நாளும் தாங்குச்சு, இப்ப வரைக்கும் லூஸ் ஆகல.

மேட்டுப்பாளையத்துல ராத்திரி ஒரு லாட்ஜுல தங்குனோம். அந்த லாட்ஜ பத்தி ஒரே வரி: ஃபேன் சத்தத்துக்கு ஸ்டீம் இன்ஜினே தேவலாம்.

காலைல 7.10-க்கு வண்டி. ஏறுனதும்தான் பேக்கோட மொத குறை தெரிஞ்சுது, நியாயமா பாத்தா அது பேக் மேல மட்டும் சொல்ற குறை இல்ல. மலை ரயில் பொட்டி சின்னது, மீட்டர் கேஜு, எதிரெதிர் சீட்டுல உக்காந்தா முட்டிக்கு முட்டி இடிக்கும், தலைக்கு மேல பேக் வைக்க பெருசா எடம் கெடையாது. சீட்டுக்கு அடியில தள்ளிப் பாத்தேன், 45 லிட்டர் உள்ள போகல, முக்காவாசி போயி நின்னுடுச்சு. குன்னூர் வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன், மூணு மணி நேரத்துக்கு மேல, கைப்புள்ளைய வச்சுட்டு உக்காந்த மாதிரி. மலை ரயிலுக்குப் போறவங்க 30 லிட்டருக்கு மேல எடுத்துட்டுப் போகாதீங்க, இத எந்த ரிவ்யூலயும் யாரும் எழுதல.

ஆனா அந்த மூணு மணி நேரத்த எதுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். சயின்ஸ் டீச்சர சும்மா ஜன்னலோரம் உக்கார வச்சா என்னாகும், பாடம்தான். கல்லாறு தாண்டுனதும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்புச் சட்டம் ஆரம்பிக்கும், இன்ஜின் அடியில இருக்குற பல்சக்கரம் அதுல மாட்டிக்கிட்டு ஏறும், இந்தியாவுல இந்த முறையில ஓடுற ரயில் இது ஒண்ணுதான். பன்னெண்டரை அடி போனா ஒரு அடி ஏத்தம். இன்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடி நின்னு முட்டித் தள்ளும், ஒவ்வொரு பொட்டி முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு கொடி காட்டிட்டே வருவாரு. அந்தப் பல்லு சட்டம் ஒண்ணு இல்ல, பக்கத்துல பக்கத்துல ரெண்டு, ஒண்ணோட பல்லும் இன்னொண்ணோட பல்லும் நேருக்கு நேரா இல்லாம மாத்தி மாத்தி இருக்கும், ஒரு பல்லு விடும்போது அடுத்த வரிசைப் பல்லு புடிச்சிருக்கும், அதனால பிடி எப்பவும் விடாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 1899-ல ஓட ஆரம்பிச்ச லைன், 1908-ல ஊட்டி வரைக்கும் நீட்டினாங்க, அன்னிக்கி யோசிச்ச புத்தி இன்னிக்கும் வேலை செய்யுது. இந்த பேக் ஜிப்புக்கு அந்தப் புத்தி இல்ல. மெயின் ஜிப்புல ஒரு பல்லு விலகுனா அவ்வளவுதான், பின்னாடியே வரிசையா வாயப் பொளந்துக்கும், திரும்ப மொதல்ல இருந்து இழுத்துட்டு வரணும். ஊட்டியில ரெண்டு தடவ ஆச்சு.

ஜிப்புன்னதும் குரங்கு கதை. வழியில ஹில்குரோவ் ஸ்டேஷன்ல வண்டி தண்ணி புடிக்க நிக்கும், எல்லாரும் டீ குடிக்க இறங்குவாங்க, அங்க இருக்குற குரங்குங்களுக்கு அந்த டைம்டேபிள் எங்கள விட நல்லா தெரியும். நான் பேக்க பெஞ்சு மேல வச்சுட்டு ஒரு செகண்டு, நெசமா ஒரே செகண்டு, கிளாஸ வாங்கக் கைய நீட்டுனேன். திரும்பிப் பாத்தா ஒண்ணு பேக் மேல உக்காந்து முன் பாக்கெட் ஜிப்ப நகத்தால புடிச்சு நேரா இழுக்குது, எங்க ஆறாங்கிளாஸ் புள்ளைங்க ஜாமெட்ரி பாக்ஸ் ஜிப்ப பல்லால கடிச்சுத்தான் தொறக்கும், இது அவ்வளவு நாசூக்கா தொறந்து கடலைமிட்டாய் பாக்கெட்ட எடுத்துட்டு, திரும்ப கைய விட்டு வேற ஏதாவது இருக்கான்னு துழாவிப் பாத்துட்டு, குரங்கு குல்லாவ எடுத்து மோந்து பாத்துட்டு கீழ போட்டுட்டுப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு கடலைமிட்டாய் போனத விட அது குல்லாவ வேணாம்னு போட்டதுதான் அவமானம். ரிவ்யூவுக்கு வேணுங்கிற விஷயம் என்னன்னா, "ஆன்டி தெஃப்ட்"னு விளம்பரத்துல போட்டிருக்கான், அது முதுகுப் பக்கம் இருக்குற ஒரு பாக்கெட்டுக்கு மட்டும்தான், முன் ஜிப்புல பூட்டு மாட்ட ஓட்டை கூட இல்ல.

இன்னொரு விஷயம், திருச்சிக்காரங்களுக்கு மட்டும். குன்னூர் வரைக்கும் தள்ளிட்டு வர்ற ஸ்டீம் இன்ஜின்ல நம்ம பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல செஞ்சதும் இருக்கு. ஆரம்பத்துல எல்லாம் சுவிட்சர்லாந்துல இருந்து வந்ததுதான், அப்புறம் 2011-ல இருந்து புதுசா நம்ம ஊர்லயே கட்டி அனுப்புனாங்க. எங்க மாமனார் பொன்மலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. குன்னூர்ல இன்ஜின் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்து அவருக்கு அனுப்புனேன், "சாப்டாச்சா"ன்னு பதில் வந்துச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு "நம்பர் பிளேட்ட தனியா எடுத்து அனுப்பும்மா"ன்னு இன்னொண்ணு.

ஊட்டியப் பத்தி நீளமா எழுத மாட்டேன், அது பேக் ரிவ்யூல அடங்காது. மலர்க் கண்காட்சி சமயம், கூட்டம்னா கூட்டம். ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ்னு வச்சு, ஒரு நாளைக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000-ன்னு கணக்கு வச்சிருந்தாங்க, நாங்க ரயில்ல போனதால அந்த வேலை இல்ல. தாவரவியல் பூங்காவுல கல்லாப் போன மரம் ஒண்ணு இருக்கு, ரெண்டு கோடி வருஷம்னு போட்டிருக்கும், அது முன்னாடி நான் நின்ன நேரத்துக்கு பொண்ணு ரெண்டு ஐஸ்கிரீம் முடிச்சுட்டா. மறுநாள் சாயங்காலம் தொட்டபெட்டாவுல நல்ல மழை. ரெயின் கவர் அடிப் பாக்கெட்டுல மடிச்சு வச்சிருக்கான், இழுத்து மாட்ட பத்து செகண்டு, எலாஸ்டிக் நல்லா கவ்விப் புடிக்குது, நாங்க மூணு பேரும் தொப்பலா நனைஞ்சோம், பேக் உள்ள ஒரு துணி கூட ஈரமில்ல. இத மட்டும் வச்சு பாத்தா அஞ்சு ஸ்டார் தரலாம்.

வர்றப்ப வர்க்கி வாங்குனோம், டீயில தொட்டுக்குற ஊட்டி மொறுமொறு பிஸ்கட்டு. ஊட்டிக்குப் போயிட்டு வர்க்கி இல்லாம ஸ்டாஃப் ரூமுக்குள்ள போக முடியுமா. நாலு பாக்கெட், பேக்ல மேலாக்க வச்சு மூடி, பஸ்ல காலுக்குக் கீழ வச்சேன். கம்ப்ரஷன் ஸ்ட்ராப்னு பக்கவாட்டுல ரெண்டு பட்டை இருக்கு, இறுக்குனா பேக் ஒல்லியாகும். பஸ்ல எடம் பத்தலன்னு எங்க வீட்டுக்காரர் நல்லா இறுக்கிவிட்டாரு. அதோட பலன ஜூன் 2-ம் தேதி ஸ்டாஃப் ரூம்ல பாத்தோம்.

அதாவது, வீட்டுக்கு வந்தே பத்து நாளுக்கு மேல ஆகியும் நான் அந்தப் பாக்கெட்டுகள பிரிக்கல, ஸ்கூல் தொறக்குறன்னிக்கி குடுக்கலாம்னு அப்படியே பேக்லயே வச்சிருந்தேன். மொத நாள் புத்தகம் குடுக்குறது, புது அட்மிஷன், டி.சி கேட்டு வந்த பெத்தவங்க, எமிஸ்னு கவர்மெண்ட் வெப்சைட்டுல புள்ளைங்க விவரம் ஏத்துறதுன்னு பதினொரு மணி வரைக்கும் மூச்சு விட நேரமில்ல. இன்டர்வெல்ல பாக்கெட்ட எடுத்தா வர்க்கி இல்ல, வர்க்கி மாவு. தமிழய்யா ஒரு நிமிஷம் பாத்துட்டு, "பரவால்ல டீச்சர், ஸ்பூன் இருக்கா"ன்னாரு. டீயில போட்டு ஆளுக்கு ஒரு கரண்டி சாப்டோம். நல்லாத்தான் இருந்துச்சு.

இனிமே ஸ்கூல் ரிவ்யூ. இங்கதான் ஸ்டார் கொறையுது.

புடவைக்கும் இந்த பேக்குக்கும் ஆகாது. டூர்ல சுடிதார், தெரியல. எங்க ஸ்கூல்ல புடவைதான் பழக்கம். பட்டைய மாட்டுனா முந்தானை மடிப்பு கசங்குது, கழட்டும்போது சேஃப்டி பின்ன இழுக்குது, ஜூன் மாசத்துல ஒரு காட்டன் புடவை தோள்ல கிழிஞ்சுது. அந்த இடுப்பு பெல்ட்டு, அவ்வளவு புகழ்ந்தேனே, அத புடவை மேல போடவே முடியாது, கொசுவம் போயிடும், அதனால ரெண்டு பக்கமும் வால் மாதிரி தொங்கும், பஸ்ல சீட்டுக் கம்பியில மாட்டி என்னை ஒரு தடவ பின்னாடி இழுத்துருச்சு. எல்லாத்தையும் விட மோசம் சாயம். மலையில குளிரு, வேர்வை இல்ல. திருச்சி ஜூன் வெயில்ல பஸ்ல ஒன்னேகால் மணி நேரம் நின்னுட்டுப் போனா முதுகு நனைஞ்சு பட்டையில இருந்து கருப்பு இறங்குது, க்ரீம் கலர் புடவையில தோள்ல இருந்து ரெண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி. எத்தனையோ தடவ தொவச்சாச்சு, போகல.

மொத வாரம் கிண்டல் வேற. ஹெச்.எம் மேடம், "என்னம்மா, டூர் இன்னும் முடியலையா"ன்னாங்க. பசங்க வரிசையா நின்னு "டீச்சர், எந்த மலைக்கு டீச்சர்"னு. கிண்டல் பரவால்ல, அது ஒரு வாரத்துல அடங்கிடும்.

ஜூன் கடைசியில நோட்டு திருத்த ஆரம்பிச்சேன். எட்டாங்கிளாஸ் 42 நோட்டு. ஒரு நோட்டு கால் கிலோன்னு வச்சாலும் பத்து கிலோவ தாண்டிடும். அதோட டிபன் பாக்ஸ், பாட்டில், குடை. ஊட்டிக்கு மூணு பேரு துணியோட கொண்டு போனதும் ஏறக்குறைய அதே வெயிட்டுதான், ஆனா துணி பேக் முழுக்க பரவி உக்காரும், நோட்டு செங்கல் மாதிரி அடியில ஒரே எடத்துல உக்காந்து இழுக்கும். அதோட இடுப்பு பெல்ட்டும் இல்லாததால மொத்தத்தையும் தோள்பட்டைதான் தாங்கணும். மூணாவது நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது வலது பட்டை மேல் தையல் டர்ருன்னு. நோட்டெல்லாம் கீழ விழாம ஒரு காலேஜ் பொண்ணு பின்னாடி இருந்து தாங்கிப் புடிச்சுது, நல்லாருக்கணும்.

கஸ்டமர் கேர்ல ஒரு வருஷம் வாரண்டின்னு கார்டு குடுத்திருந்தாங்க. ஃபோட்டோ அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனேன், இன்னொரு ஆங்கிள்ல கேட்டாங்க, அனுப்புனேன், உள்ள என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டாங்க, நோட்டுன்னேன். அஞ்சு நாள் கழிச்சு "ஓவர்லோட், வாரண்டில வராது"ன்னு மெசேஜ். எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. டேக்ல லிட்டர் போட்டிருக்கு, கிலோ போடல. 45 லிட்டர்ல தலையணை வைக்கலாம்னு நெனச்சிருப்பாங்க போல.

அறுந்த பேக்க மறுநாள் அப்படியே கிளாசுக்கு எடுத்துட்டுப் போனேன். எட்டாவதுல விசையும் அழுத்தமும் பாடம், பை பட்டை ஏன் அகலமா வைக்கிறாங்கன்னு கேக்குறதுக்கு இத விட நல்ல டீச்சிங் எய்டு கெடைக்குமா. பரப்பு கூடுனா அழுத்தம் கொறையும்னு ஒரு பொண்ணு டக்குனு சொல்லிடுச்சு. சரி அப்ப ஏன் அறுந்துதுன்னு கேட்டேன், எல்லாரும் யோசிக்கிறாங்க, கடைசி பெஞ்சுல ஒருத்தன், அவங்கப்பா டெய்லரு, எழுந்து வந்து பட்டைய பொரட்டிப் பாத்துட்டு, "டீச்சர், பட்டை எல்லாம் சரியாத்தான் இருக்கு, தையல்தான் டீச்சர் ஏமாத்து, மடிப்பு விடாம ஓரத்துலயே ஓட்டியிருக்கான்"னான். அவன் எழுதுற பதில்ல முழுசா ஒரு வரி இருக்காது, ஆனா இதுல அவன் சொன்னதுதான் சரி.

அன்னிக்கி சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரம் குடை, பை தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட குடுத்தேன். அவரும் பொரட்டுனதும் அதேதான் சொன்னாரு. பட்டையப் பிரிச்சு, உள்ள ஒரு ரெக்சின் துண்டு வச்சு, பட்டை நுனிய ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி, நைலான் நூல்ல சதுரமா ஓட்டி நடுவுல குறுக்க பெருக்கல் குறி மாதிரி ஒரு ஓட்டு. இடது பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு, "அதுவும் போகும்மா, சேத்து அடிச்சுடுறேன்"னு அதையும் தைச்சாரு. கால் மணி நேரம், 80 ரூபா. ரெண்டு மாசம் ஆகப் போகுது, நோட்டு ஏத்துறேன், அசையல. அவருக்கு ஸ்டார் போட ஒரு எடம் இருந்தா அஞ்சும் போட்டுருவேன்.

அப்ப வாங்கலாமா வேணாமா. டூருக்கு மட்டும்னா வாங்குங்க, அதுவும் 45 வேணாம், இதுலயே 30 லிட்டர் வருது, அத வாங்குங்க, கருப்பு தவிர வேற கலர் இருந்தா இன்னும் நல்லது, வந்தன்னிக்கே பக்கத்துல இருக்குற தையக் கடையில குடுத்து ரெண்டு தோள்பட்டையையும் அடிச்சு வாங்கிடுங்க, அந்த நூறு ரூபாய பேக் விலையோட சேத்துக்கங்க. நோட்டு தூக்குற டீச்சர்ங்க தயவுசெஞ்சு இத வாங்காதீங்க. நான் இப்ப நோட்ட ரெண்டா பிரிச்சு ஒரு நாளைக்கு 21 தான் எடுத்துட்டு வர்றேன்.

மறந்துட்டேன், இன்னொரு குறை. உள் துணிய வெளிய இழுத்து உதற முடியாது, அடியில தச்சு மூடியிருக்கான். அந்த வர்க்கித் தூள் மூலையில இன்னும் இருக்கு, தட்டிப் பாத்தாச்சு, வேக்குவம் வச்சுப் பாத்தாச்சு, வரல. போன வாரத்துல இருந்து ஸ்டாஃப் ரூம்ல என் மேசைக்கு மட்டும் எறும்பு வரிசை வருது.